குழந்தையை உலுக்குவதன் ஆபத்தைக் காட்டும் பயிற்சிப் பொம்மை: வெளிநாட்டிலிருந்து வாங்குவதா, இங்கேயே செய்துகொள்வதா?

முத்தியால்பேட்டைப் பயிற்றுநர் (கேள்வி)

வணக்கம். புதுச்சேரியில் வீடுகளுக்கும் காப்பகங்களுக்கும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் செல்லும் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கும் சிறிய அமைப்பொன்றில் பணியாற்றுகிறேன். குளிப்பாட்டவும், பால் புகட்டியபின் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யவும், தொண்டையில் ஏதேனும் அடைத்துக்கொண்டால் முதுகில் தட்டவும் கற்றுக்கொடுப்பதற்கு எங்களிடம் பொம்மைகள் இருக்கின்றன. ஓயாமல் அழும் குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது என்பதை மட்டும் இதுவரை வாய்மொழியாகவே சொல்லி வந்திருக்கிறோம்.

சென்ற வகுப்பில், மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒருவர், "அடித்தால்தானே காயம் படும், இரண்டு தடவை பிடித்துக் குலுக்கினால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று கேட்டார். மூளைக்குள் இரத்தம் கசியும் என்று விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள், என் மனம் நோகக் கூடாதே என்பதற்காக ஆட்டியவை அந்தத் தலைகள் என்பது எனக்கே தெரிந்தது.

அமெரிக்காவில் ரியாலிட்டிவொர்க்ஸ் என்னும் நிறுவனம் இதற்கென்றே ஒரு பொம்மை செய்கிறது. அது குழந்தையைப் போலவே அழும். பிடித்து உலுக்கினால் உள்ளிருக்கும் உணரி விசையை அளக்கும். அழுகை சட்டென்று நிற்கும். கண்ணாடி போன்ற தலைக்குள் மூளையின் எந்தெந்தப் பகுதிகள் சேதமடைந்திருக்கும் என்பதைச் சிறு விளக்குகள் எரிந்து காட்டும். விலையோ எங்கள் கைக்கு எட்டாதது. நன்கொடை கேட்டுத்தான் வாங்க வேண்டும். அவ்வளவு முயற்சிக்கு இது தகுமா? இங்குள்ள கைவினைஞர்களைக் கொண்டே எளிய ஒன்றைச் செய்துகொள்ள முடியுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மஞ்சக்குப்பம் செவிலியர் (ஓய்வு)

சகோதரி, கடலூர்ப் பக்கத்தில் குழந்தைகள் பிரிவில் நீண்ட காலம் பணி செய்து ஓய்வு பெற்றவள் நான். அந்த அம்மா கேட்ட கேள்வியில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்புவரை மருத்துவர்களிலேயே பெரும்பாலோர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 1971-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் நரம்பியல் அறுவை மருத்துவராக இருந்த நார்மன் கத்கெல்ச் என்பவர், தலையில் அடிபட்ட தடயமே இல்லாத சில கைக்குழந்தைகளுக்கு மூளையுறையின் அடியில் இரத்தம் தேங்குவதற்கு உலுக்கலே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். அடுத்த ஆண்டு அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் ஜான் காஃபி அதே கருத்தை விரித்து எழுதினார்.

வகுப்பில் இதை விளக்கும்போது நம் வீட்டுப் பேச்சிலிருந்தே தொடங்குங்கள். "தலை நிற்காத பிள்ளை" என்று நாம் சொல்கிறோம் அல்லவா? அந்த மூன்று சொற்களுக்குள் பாதி விளக்கம் அடங்கியிருக்கிறது. பிறந்த குழந்தையின் தலை அதன் மொத்த நீளத்தில் ஏறத்தாழ 4-இல் 1 பங்கு. நமக்கோ 7 அல்லது 8-இல் 1 பங்குதான். இவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் தசைகள் கழுத்தில் இன்னும் வலுப்பெறவில்லை. மூளையில் நீர்ச்சத்து மிகுதி என்பதால் அது இளகியிருக்கிறது. மார்பைப் பிடித்து முன்னும் பின்னுமாக உலுக்கும்போது மண்டையோடு ஒரு பக்கம் திரும்ப, மூளை சற்றுப் பின்தங்கித் திரும்புகிறது. அந்த இடைவெளியில் இரண்டையும் இணைக்கும் மெல்லிய இரத்தக் குழாய்கள் இழுபட்டு அறுகின்றன. கண்ணின் விழித்திரையிலும் இரத்தம் கசியலாம். மூளை வீங்கி, மூச்சும் தடுமாறும். வெளியே ஒரு சிராய்ப்பும் தெரியாமலிருக்கலாம். உங்கள் பெண்கள் நம்பாமல் தலையாட்டியதற்குக் காரணம் அதுதான். காணாத ஒன்றை யார்தான் நம்புவார்கள்? அந்த ஒரு காரியத்துக்குத் தலை தெரியும் பொம்மை மிகவும் பயன்படும்.

ஆனால் அந்தப் பொம்மையில் எனக்கு உறுத்தலான ஓர் அம்சம் உண்டு. உலுக்கினால் அழுகை நிற்கிறது. உண்மையிலும் சில வேளைகளில் அப்படித்தான் நடக்கிறது. மூளை அதிர்ந்துபோன குழந்தை துவண்டு, சத்தமின்றிக் கிடக்கும். பார்ப்பவர் "அப்பாடா, தூங்கிவிட்டது" என்று நிம்மதி கொள்வார். அடுத்த நாள் மாலை மீண்டும் அழும்போது, நேற்றுக் "கேட்ட" அதே வழியைக் கையாளுவார். களைத்துப்போய் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு பெண், பொம்மை உலுக்கியதும் அடங்கியதை மட்டும் மனத்தில் எடுத்துக்கொண்டு போனால், நாம் கற்பிக்க நினைத்ததற்கு நேர் எதிரானதைக் கற்பித்தவர்கள் ஆவோம். ஆகவே எந்தப் பொம்மையை வைத்தாலும், அது அடங்கும் அந்தக் கணத்தில் நிறுத்தி, "இது தூக்கமில்லை" என்று சொல்லுங்கள். பால் குடிக்க மறுத்தல், காரணமில்லாத வாந்தி, எழுப்பினாலும் எழாத சோர்வு, வலிப்பு, உச்சிக்குழி புடைத்திருத்தல், மூச்சு விட்டுவிட்டு வருதல் ஆகியவை தெரிந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும், உலுக்கியிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லுங்கள்.

இன்னொன்று. கோபத்தில் உலுக்குபவரைப் பற்றியே பேசுகிறோம். பதற்றத்தில் உலுக்குபவரும் உண்டு. குழந்தை அசையாமல் கிடப்பதைக் கண்டு எழுப்புவதற்காகத் தோளைப் பிடித்து உலுக்கிவிடுகிறார்கள். எழுப்ப வேண்டுமானால் உள்ளங்காலைத் தட்டிப் பெயர் சொல்லி அழைத்தால் போதும்.

குறிஞ்சிப்பாடி கிராம செவிலியர்

அம்மா சொன்னவற்றோடு, வீடு வீடாகப் போகிறவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பொம்மையை யாருக்குக் காட்டப் போகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். குழந்தையின் அழுகை பிறந்த 2 வாரத்திலிருந்து ஏறி, 6 முதல் 8 வாரங்களில் உச்சத்தைத் தொட்டு, 3, 4 மாதங்களில் இறங்குகிறது. நோயில்லாத, நன்றாகப் பால் குடிக்கும் குழந்தையே பெரும்பாலும் மாலையும் முன்னிரவுமாக, எதற்கென்று தெரியாமல், வலியில் துடிப்பதைப் போன்ற முகத்துடன் மணிக்கணக்கில் அழும். கனடாவின் குழந்தை மருத்துவர் ரொனால்ட் பார் இதையே அடிப்படையாக வைத்துப் பெற்றோருக்கான பயிற்சி ஒன்றை வடிவமைத்தார். அந்த வாரங்களில் நம் ஊர்க் குழந்தை எங்கே இருக்கிறது? பெரும்பாலும் தாய்வீட்டில், பாட்டியின் மடியில். காப்பகத்துக்கு வருவது பல மாதங்கள் கழித்துத்தான். எனவே பாட்டிகளையும் அப்பாக்களையும் உட்காரவைக்காத வகுப்பு பாதி வகுப்பே.

பாட்டிகளிடம் பேசும்போது "உரம் விழுந்தது" என்ற பேச்சைத் தவிர்க்க முடியாது. ஓயாமல் அழும் குழந்தையை, கழுத்தைத் திருப்பச் சிணுங்கும் குழந்தையை, உரம் விழுந்ததாகச் சொல்லி, சேலையில் போட்டு இருபுறமும் இருவர் பிடித்து உருட்டுவதும், சில இடங்களில் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் இன்றும் நடக்கின்றன. அதைச் செய்யும் மூதாட்டிக்குக் கோபம் துளியும் இல்லை. ஊரே நம்பி அழைத்துவந்த கைராசிக்காரர் அவர். "நீங்கள் செய்வது கொடுமை" என்று தொடங்கினால் அன்றோடு அந்தத் தெருவே எனக்குக் கதவைச் சாத்திவிடும். நான் கையாளும் வழி வேறு: அவரையே பொம்மையை எடுத்துக் காட்டச் சொல்வேன். மெதுவாக ஆட்டுவதிலும் தடவிக் கொடுப்பதிலும் குற்றமில்லை என்று ஒத்துக்கொண்டு, தலை தனியே துள்ளுகிற இடத்தில் மட்டும் அவர் கையைப் பிடித்து நிறுத்துவேன். "கழுத்துக்குக் கை கொடுங்கள் ஆயா" என்றால் எந்த ஆயாவும் கோபித்துக்கொண்டதில்லை.

அப்பாக்கள் விஷயம் இதைவிடச் சிக்கல். வெளிநாட்டு ஆய்வுகள் பலவற்றில், உலுக்கியவர்களில் அப்பாவோ வீட்டிலுள்ள வேறோர் ஆணோதான் அதிகமாகக் காணப்பட்டிருக்கிறார்கள். நம் ஊரில் பிரசவப் பிரிவுக்குள் ஆண்களை விடுவதில்லை. அவர்கள் எதிரே தேநீர்க் கடையில் நிற்பார்கள். பொம்மையை அங்கே கொண்டுபோய் மேசையில் வைத்தால் வார்டில் கிடைக்காத கூட்டம் கிடைக்கும் என்பது என் எண்ணம். விளையாட்டாகச் சொல்லவில்லை.

பச்சிளங்குழந்தைகளுக்கான தேசிய வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. 42-ஆம் நாள் அழுகை உச்சத்தை நெருங்கும் நேரம். எடையும் தடுப்பூசியும் பார்த்துவிட்டு அன்று எழுந்து வந்துவிடாமல், "மாலையில் அதிகம் அழுகிறதா, அப்போது யார் தூக்கிவைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாலே பேச்சு அங்கே போய்விடும்.

லாஸ்பேட்டை மாணவர் (பொதுச் சுகாதாரம்)

ஆர்வத்தைக் குலைப்பதற்காகச் சொல்லவில்லை. ஆனால் நன்கொடையாளரிடம் போவதற்கு முன் இதையும் பாருங்கள். 1998-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநில மேற்குப் பகுதி மருத்துவமனைகளில் மார்க் டயஸ் என்ற மருத்துவரின் குழு, பிரசவமான பெற்றோருக்கு வீடு திரும்புமுன்பே உலுக்குவதன் ஆபத்தைச் சொல்லி, புரிந்துகொண்டதாக ஒரு படிவத்தில் கையெழுத்தும் கேட்டது. இத்தகைய தலைக்காயங்கள் அங்கே 47 விழுக்காடு குறைந்ததாக 2005-இல் வெளியிட்டார்கள். அதே முறையைப் பென்சில்வேனியா மாநிலம் முழுவதற்கும் விரித்தபோது அந்தக் குறைவு கிடைக்கவில்லை. அங்கே பொம்மையே மையமாக இருக்கவில்லை என்பது உண்மைதான். எனினும் சொல்லிக் கொடுத்தாலே நடத்தை மாறிவிடும் என்ற நம்பிக்கையைச் சற்று அடக்கி வைக்க வேண்டும் என்பதற்கு அது போதும்.

அழும் பொம்மைகளைப் பற்றிய வேறொரு பாடமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரப் பள்ளிகளில், இளவயதுக் கருத்தரிப்பைத் தடுக்கும் நோக்கத்தோடு மாணவியருக்கு அழும் பொம்மைகளைக் கொடுத்து வளர்க்கச் சொன்னார்கள். பொம்மை பெற்ற மாணவியரிடையே பின்னாளில் கருத்தரிப்பு குறையவில்லை, கூடியிருந்தது என்று 2016-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. நோக்கம் வேறு, வயது வேறு. ஆனாலும் பொம்மை என்ன கற்பிக்கும் என்று நாம் நினைப்பதும் அது உண்மையில் கற்பிப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. செவிலியர் அம்மா அழுகை நிற்பதைப் பற்றிச் சொன்னதும் இதே வகைதான்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. மூளையுறைக்கடியில் இரத்தம் கசிந்த எல்லாக் குழந்தைகளும் உலுக்கப்பட்டவை என்று பணியாளர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. பிறந்தவுடன் போடும் வைட்டமின் கே ஊசி விடுபட்ட குழந்தைக்குச் சில வாரங்கள் கழித்துத் தானாகவே மூளையில் இரத்தம் கசியலாம். உலுக்கலைப் பற்றி முதலில் எழுதிய கத்கெல்ச்சே, தம் முதுமையில், நீதிமன்றங்கள் இந்த நோய்க்கணிப்பை அளவுக்கு மீறி உறுதியாக எடுத்துக்கொள்வதைப் பற்றிக் கவலை தெரிவித்தார். காரணம் எதுவென்று தீர்மானிப்பது மருத்துவரின் வேலை; அறிகுறியைக் கண்டு விரைவது பணியாளரின் வேலை.

பண்ருட்டி பொம்மைக்காரர்

செய்ய முடியுமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். எங்கள் குடும்பம் கொலுப் பொம்மை செய்வது. களிமண்ணும் காகிதக்கூழும் எங்களுக்குக் கைவந்தவை. ஆனால் இந்த வேலைக்கு இரண்டுமே ஆகாது. களிமண் உடைந்துவிடும், காகிதக்கூழோ இலேசாக இருப்பதால் கையில் குழந்தை என்ற உணர்வே வராது. உடம்பைத் துணியால் தைத்து மணலும் பஞ்சும் கலந்து நிரப்பி, மொத்தம் ஏறத்தாழ 4 கிலோ வருமாறு செய்யுங்கள். 6 வாரக் குழந்தையின் எடைக்குப் பக்கமாக இருக்கும். கழுத்தைத் துணிக்குழாயாகத் தளர விட்டால் தலை தானே தொங்கும். பார்ப்பவர் முதலில் பதறுவதே அந்தத் தொங்கலைக் கண்டுதான்.

தலைக்கு மூடியுள்ள ஒளி ஊடுருவும் நெகிழி உருண்டை போதும். உள்ளே கடல்பாசியைக் காய்ச்சி ஊற்றி உறையவிட்டு, சுற்றிலும் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன். உறைவதற்கு முன்பே சில சிவப்பு நூல்களின் ஒரு முனையைக் கடல்பாசிக்குள்ளும் மறு முனையை உருண்டையின் சுவரிலும் பொருத்திவிட வேண்டும். முதல் தடவை கடல்பாசி கெட்டியாகிவிட்டது. எவ்வளவு உலுக்கினாலும் அசையவில்லை. நீர் கூட்டி, கரண்டி பட்டாலே நடுங்கும் பதத்தில் எடுத்தபோதுதான் நூல்கள் பிய்த்துக்கொண்டு வெளிவந்தன. பிடித்து ஆட்டிய என் மனைவி பொம்மையைக் கீழே வைத்துவிட்டு அன்று முழுவதும் அதைத் தொடவில்லை. நம் வெயிலுக்குக் கடல்பாசி ஒரு நாளுக்கு மேல் தாங்காது; வகுப்புக்கு வகுப்பு புதிதாகக் காய்ச்ச வேண்டியிருக்கும். இது விசையை அளக்காது, இத்தனை உலுக்கலுக்கு இவ்வளவு சேதம் என்று கணக்கும் சொல்லாது. கண்ணுக்குக் காட்டும், அவ்வளவே.

முகத்தை மட்டும் எங்களிடம் விட்டுவிடாதீர்கள். பழக்கதோஷத்தில் வெண்ணெய் தின்னும் கண்ணனாகத் தீட்டிவிடுவோம். பிறகு யாரும் உலுக்கிப் பார்க்க மாட்டார்கள்.

தவளக்குப்பம், குழந்தை பார்த்துக்கொள்பவர்

நான் இந்த வேலையில் இருப்பவள், ஆகையால் எழுதுகிறேன். அழுகை பொறுக்க முடியாமல் கை நடுங்கும் நேரம் வந்தால், குழந்தையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு வெளியே போய் நின்று, பத்து நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு வரச் சொல்லி எனக்கும் கற்றுக்கொடுத்தார்கள். நல்ல வழிதான். ஆனால் நான் வேலை செய்த ஒரு வீட்டில் கூடத்தில் கேமரா இருந்தது. ஒருநாள் அப்படியே செய்தேன். குழந்தை 6 நிமிடம் தனியே அழுதது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாலையில் அந்த அம்மா கைபேசியில் அதைப் போட்டுக் காட்டி, "பிள்ளையை அழவிட்டு எங்கே போனாய்?" என்று கேட்டார். அந்த மாதத்தோடு வேலை போயிற்று. அடுத்த வீட்டில் அதே நிலை வந்தபோது நான் வெளியே போகவில்லை; பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கியபடியே நடந்தேன். அன்று ஏதாவது நடந்திருந்தால் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. பொம்மையை எங்களுக்குக் காட்டுவதற்கு முன் எங்களை வேலைக்கு வைப்பவர்களுக்குக் காட்டுங்கள் அக்கா.

முத்தியால்பேட்டைப் பயிற்றுநர்

அனைவருக்கும் நன்றி. தவளக்குப்பம் சகோதரி எழுதியதைப் படித்தபின் நன்கொடைக் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டேன். வெளியே போய் நிற்கச் சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அதற்கு அவர்கள் கொடுக்கும் விலையை ஒருமுறைகூட யோசித்ததில்லை. இனி எங்கள் பணியாளர் ஒரு வீட்டில் சேருமுன், குழந்தையைப் பாதுகாப்பாகப் படுக்கவைத்து 10 நிமிடம் விலகி நிற்பது நாங்கள் கற்பித்த முறை, அதற்காக அவரைக் குறை சொல்லக் கூடாது என்று ஒரு பக்கத் தாளில் எழுதி, வீட்டுக்காரர் இருவரிடமும், குறிப்பாக அப்பாவிடம், கையெழுத்து வாங்கப் போகிறோம். அந்தக் கையெழுத்து நாளன்றே பொம்மையையும் அவர்கள் கையில் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

ஒரே ஓர் ஐயம் மிச்சமிருக்கிறது. வகுப்பில் இதைக் காட்டினால், தூளியில் போட்டு ஆட்டுவதும் தவறா என்று நிச்சயம் கேட்பார்கள். என்ன சொல்வது?

மஞ்சக்குப்பம் செவிலியர் (ஓய்வு)

தூளியில் மெல்ல ஆட்டுவதாலோ, மடியில் போட்டுத் தாலாட்டுவதாலோ, மேடு பள்ளமான சாலையில் பேருந்தில் வருவதாலோ இந்தக் காயம் உண்டாவதில்லை என்று உறுதியாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் பயந்துபோய்க் குழந்தையைத் தூக்கவே தயங்குவார்கள். அக்காள் தம்பிமார் போட்டி போட்டுத் தூளியை உத்தரம் வரை வீசும் விளையாட்டு வேறு. அது விழுந்து அடிபடும் ஆபத்து, அதைத் தனியாகச் சொல்லுங்கள். தலை நிற்காத பிள்ளையை மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கும் மாமன்மாரையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

பொம்மை தயாரானதும் ஒருநாள் சொல்லுங்கள், பேருந்தேறி வருகிறேன். கடல்பாசி காய்ச்ச எனக்குத் தெரியும்.